தகுதி யாரிடம் இருக்க வேண்டும்? இன்சுலின் பம்பும் தில்லியின் பொது மருத்துவத் திட்டங்களும்

ஒரு மருந்தோ கருவியோ கண்டுபிடிக்கப்பட்ட நாள் மருத்துவ வரலாற்றில் பதிவாகிறது. அது யாருக்குக் கிடைக்கும் என்று ஓர் அரசு எழுத்தில் வரையறுத்த நாள் பெரும்பாலும் பதிவாவதில்லை. முதல் வகை நீரிழிவு உடையோர் பயன்படுத்தும் இன்சுலின் பம்பை முன்வைத்து, இந்த இரண்டாவது வரலாற்றை எழுதிப் பார்க்கும் முயற்சியே இப்பதிவு. களம் தில்லி, ஒப்புநோக்க இங்கிலாந்தும் கேரளமும். சற்று நீளமானது, பொதுச் சுகாதாரம், சட்டம், சமூகவியல் ஆகிய துறைகளில் ஆய்வு செய்யும் நண்பர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

முதலில் நோயைப் பற்றி. முதல் வகை நீரிழிவில், இன்சுலினைச் சுரக்கும் கணையச் செல்களை உடலின் எதிர்ப்பாற்றலே அழித்துவிடுகிறது. உணவுக் கட்டுப்பாடோ மாத்திரையோ அந்த இழப்பை ஈடுசெய்ய இயலாது. வெளியிலிருந்து இன்சுலின் செலுத்துவது நின்றுபோனால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலும் இளமையிலும் தொடங்கி வாழ்நாள் முழுவதும் தொடரும் நோய் இது. பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்நோயுடன் வாழும் 20 வயதுக்குட்பட்டோர் உலகிலேயே அதிகமாக உள்ள நாடு இந்தியா: ஏறத்தாழ 2,29,000 பேர்.

"யாருக்குக் கொடுப்பது" என்ற கேள்வி இன்சுலினுடனேயே பிறந்தது. 1922 ஜனவரி 11 அன்று டொராண்டோ நகரில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. அந்த ஆண்டு முழுவதும் உற்பத்தி மிகச் சொற்பம், கேட்டோர் பலர். அதே ஆண்டு ஆகஸ்டில், அமெரிக்க வெளியுறவு அமைச்சர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள் எலிசபெத்துக்கு ஃபிரெடரிக் பான்டிங் நேரடியாகச் சிகிச்சையைத் தொடங்கினார். தந்தையின் பதவியால்தான் அவருக்கு இடம் கிடைத்தது என்று நாம் தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. ஆனால் அத்தெரிவுக்கு எழுதப்பட்ட விதி எதுவும் இருக்கவில்லை. விதி எழுதப்படாத இடத்தில் "ஏன் இவருக்கு, ஏன் அவருக்கு இல்லை" என்ற கேள்வியை எழுப்பவும் வழியில்லை. அதற்கு விடையளிக்கும் கடமையும் எவருக்கும் இல்லை. 1923இல் கண்டுபிடிப்பாளர்கள் தம் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் என்ற பெயரளவு விலைக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்திற்கு அளித்தனர். மருந்து எல்லோருக்கும் உரியது என்னும் கொள்கை அப்போதே கூறப்பட்டுவிட்டது. அதை நடைமுறைப்படுத்தும் வழிமுறைதான் பின்னர் எழுதப்பட வேண்டியிருந்தது.

பம்பின் கதை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்துத் தொடங்குகிறது. 1960களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவர் ஆர்னால்ட் கடிஷ் செய்த கருவி, முதுகில் சுமக்கும் பை அளவு இருந்தது. 1978இல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஜான் பிக்கப், ஹாரி கீன் குழுவினர் தோலுக்கடியில் இன்சுலினை இடையறாது செலுத்தும் முறையை ஆய்வேட்டில் வெளியிட்டனர். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலிருந்தும் அத்தகைய ஆய்வு வெளிவந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரைக் கொண்டு 1983 முதல் 1993 வரை நடந்த டி.சி.சி.டி. ஆய்வு இரண்டு உண்மைகளை நிறுவியது. பம்பினாலோ ஒரு நாளில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஊசிகளாலோ சர்க்கரையை நெருக்கமாகக் கட்டுக்குள் வைத்தால், கண், சிறுநீரகம், நரம்புப் பாதிப்புகள் பெருமளவு குறையும் என்பது ஒன்று. அந்த நெருக்கமான கட்டுப்பாட்டினால் கடும் தாழ்சர்க்கரை நிகழ்வுகள் ஏறத்தாழ மூன்று மடங்காகும் என்பது மற்றொன்று. கண்ணைக் காக்க முயன்றால் நினைவிழந்து விழும் அபாயம் கூடுகிறது. இந்த இக்கட்டைத் தளர்த்துவதுதான் பம்பின் பயன்.

கருவி செயல்படும் விதத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தகுதி விதிகள் அதைச் சார்ந்தே அமைகின்றன. பம்பில் விரைவாகச் செயல்படும் இன்சுலின் மட்டுமே இருக்கும். அது இரவும் பகலும் நுண்ணிய அளவில் சென்றுகொண்டிருக்கும். உணவு வேளையில் பயனர் கூடுதல் அளவைக் கட்டளையிடுவார். உடலில் பொருத்தும் குழாயை இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நீண்டநேரம் செயல்படும் இன்சுலின் உடலில் இருப்பு இல்லாததால், குழாய் அடைபட்டால் சில மணிநேரத்திலேயே இரத்தம் அமிலமாகும் நிலை தொடங்கிவிடும். ஆகவே பயனருக்குப் பயிற்சி வேண்டும். பரிசோதனைப் பட்டைகள் வேண்டும். ஐயம் எழுந்தால் கேட்க ஒரு மருத்துவக் குழு வேண்டும். இது ஒருமுறை வாங்கி முடித்துவிடும் பொருளன்று. மாதந்தோறும் செலவு, நாள்தோறும் கவனம்.

இனி, விதி எழுதப்பட்ட இடத்தைப் பார்ப்போம். இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வுச் சேவைக்கு எந்தச் சிகிச்சையை ஏற்கலாம் என்று அறிவுரை வழங்கும் நைஸ் என்னும் நிறுவனம், 2003இல் இன்சுலின் பம்பு குறித்த தன் முதல் வழிகாட்டலை வெளியிட்டது. 2008 ஜூலையில் அது திருத்தப்பட்டது. அதன்படி, 12 வயதும் அதற்கு மேலும் ஆன முதல் வகை நீரிழிவாளர் இரண்டு வழிகளில் தகுதி பெறலாம். பல ஊசி முறையில் சர்க்கரை இலக்கை எட்ட முயலும்போது, வாழ்க்கையை முடக்கும் தாழ்சர்க்கரை நேர்வது ஒரு வழி. மிகுந்த கவனத்துடன் ஊசி போட்டும், இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 8.5 விழுக்காட்டிலோ அதற்கு மேலோ நிற்பது மற்றொரு வழி. 12 வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பல ஊசி முறை நடைமுறைக்கு ஒவ்வாதது என்று மருத்துவர் கருதினாலே போதும். பம்பு பெற்றபின் எச்பிஏ1சி அளவோ தாழ்சர்க்கரை நிகழ்வுகளோ குறைந்து, அக்குறைவு நிலைத்தால்தான் சிகிச்சை தொடரும்.

மொழியியல் பயின்ற எனக்கு இவ்விதிகளில் இரண்டு செய்திகள் கவனத்திற்குரியன. முதலாவது, 2003 ஆவணம் பல ஊசிச் சிகிச்சை "தோற்றிருக்க வேண்டும்" என்று நிபந்தனை விதித்தது. இலக்கணப்படி அங்கே எழுவாய் சிகிச்சை. ஆனால் மருத்துவமனை அறையில் பேசப்படும்போது எழுவாய் மெல்ல நோயாளியாகிவிடும் அபாயம் உண்டு: ஊசி தோற்கவில்லை, நீ தோற்றாய் என்று. கருவி வேண்டுமெனில் முதலில் தோல்வியை மெய்ப்பிக்க வேண்டும். அதே வேளையில், கருவியைக் கையாளும் அளவுக்குப் பொறுப்பும் திறமையும் உள்ளவர் என்றும் மெய்ப்பிக்க வேண்டும். தகுதிமொழியின் உள்முரண் இது. இரண்டாவது செய்தி இதற்கு நேர் எதிரானது. முடக்கும் தாழ்சர்க்கரை என்பதை அவ்வழிகாட்டல் வரையறுக்கும்போது, மீண்டும் மீண்டும் எதிர்பாராமல் நேர்வதால் உண்டாகும் ஓயாத அச்சத்தையும், அதனால் வாழ்வின் தரம் குன்றுவதையும் அளவுகோலில் சேர்த்தது. இரவில் குழந்தை எழாமல் போய்விடுமோ என்று விழித்திருக்கும் ஒரு தாயின் அச்சம், ஓர் அரசு ஆவணத்தில் செல்லத்தக்க சான்றாக இடம்பெற்றது. இது சிறிய செய்தியன்று.

எழுதப்பட்ட விதியைத் திருத்தவும் முடியும். 2023 டிசம்பரில் நைஸ் வெளியிட்ட வழிகாட்டல், சர்க்கரையைத் தானே கண்காணித்து இன்சுலின் அளவைச் சரிசெய்யும் இணைப்புப் பம்பு முறையைப் பற்றியது. அதில் குழந்தைகள், இளையோர், கருவுற்ற பெண்கள் ஆகியோருக்கு 8.5 என்ற வாயிற்படி இல்லை. பிற பெரியவர்களுக்கு 7.5 விழுக்காடும் அதற்கு மேலும், அல்லது முடக்கும் தாழ்சர்க்கரை. நடைமுறைப்படுத்தும் காலம் ஐந்தாண்டுகள். இருபது ஆண்டுகளில் வாயில் அகன்றது. அதன் அளவு எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி எழுதப்பட்டிருந்ததால்தான் "இது குறுகியது" என்று சான்றுகளுடன் வாதிட முடிந்தது.

இப்போது தில்லிக்கு வருவோம். இந்தியப் பொது மருத்துவக் கொள்கையின் பல தொடக்கங்கள் இந்நகரில் நிகழ்ந்தவை. பணம் செலுத்த இயலாமையால் எவருக்கும் போதிய மருத்துவம் மறுக்கப்படலாகாது என்ற கொள்கையை 1946இலேயே போர் குழு தன் அறிக்கையில் முன்வைத்தது. 1952 பிப்ரவரி 24 அன்று தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ. கான்பூரிலும் தில்லியிலும் ஒரே நாளில் தொடங்கப்பட்டது. 1954இல் மத்திய அரசு நலவாழ்வுத் திட்டமான சி.ஜி.எச்.எஸ். தில்லியில் தொடங்கிற்று. 1956இல் எய்ம்ஸ் நிறுவப்பட்டது. 1976இல் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பின் உலக மாநாடே புதுதில்லியில் நடந்தது. அறிவுக்கும் நிறுவனங்களுக்கும் இங்கே குறைவில்லை.

ஆயினும் முதல் வகை நீரிழிவு உள்ள ஒரு குழந்தையின் பெற்றோர், பம்பு வேண்டி இந்நகரின் பொதுத் திட்டங்களை அணுகினால், ஒவ்வொரு திட்டமும் வேறொரு கேள்வியையே முதலில் கேட்கும்.

முதல் கேள்வி: தந்தையோ தாயோ யாரிடம் வேலை செய்கிறார்? இ.எஸ்.ஐ. திட்டம் மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு. அது புறநோயாளி மருத்துவத்தையும் குடும்பத்தையும் உள்ளடக்கிய சிறந்த ஏற்பாடு. ஆனால் ஊதியம் அவ்வரம்பைத் தாண்டினால் அந்தப் பங்களிப்புக் காலத்தின் முடிவில் காப்பீடும் முடிகிறது. நோய் அப்படியே இருக்க, ஊதிய உயர்வே தகுதியிழப்பாகிறது. சி.ஜி.எச்.எஸ். மத்திய அரசு ஊழியருக்கும் ஓய்வூதியருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் உரியது. மகன் எனில் 25 வயது, திருமணம், சொந்த வருமானம் ஆகியவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை. நிலையான மாற்றுத்திறன் உடைய மகனுக்கு அந்த வயது வரம்பு இல்லை. இங்கேதான் இரண்டாவது கேள்வி நுழைகிறது.

இரண்டாம் கேள்வி: இது மாற்றுத்திறனா? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. தலசீமியா, ஹீமோஃபிலியா, அரிவாள் செல் நோய் ஆகிய இரத்த நோய்கள் அதில் உள்ளன. முதல் வகை நீரிழிவு இல்லை. வாழ்நாள் முழுவதும் வெளியிலிருந்து வரும் மருந்தால் மட்டுமே உயிர் தரிக்கும் நிலை, சட்டத்தின் பார்வையில் பெயரற்றது.

மூன்றாம் கேள்வி: எவ்வளவு ஏழை, எவ்வளவு காலமாக இங்கே வசிக்கிறீர்? 1997இல் அமைக்கப்பட்ட ராஷ்ட்ரிய ஆரோக்கிய நிதி, வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோர் உயிருக்கு ஆபத்தான நோயுற்றால் ஒருமுறை உதவித்தொகை வழங்குகிறது. தில்லி அரசின் ஆரோக்கிய கோஷ் நிதி, ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு; தில்லியில் மூன்றாண்டுகள் வசித்த சான்றும் வேண்டும். புலம்பெயர்ந்து வந்து கட்டுமானப் பணியிலும் வீட்டு வேலையிலும் இருப்போர் நிறைந்த நகரில் இந்த மூன்றாண்டு எவ்வளவு கனமானது என்று சொல்லத் தேவையில்லை. மேலும், ஒருமுறை உதவி என்ற கருத்தே அறுவைச் சிகிச்சைக்கு ஏற்ப உருவானது. மூன்று நாட்களுக்கு ஒருமுறை குழாய் மாற்ற வேண்டிய கருவிக்கு "ஒருமுறை" என்ற சொல் பொருந்துவதில்லை.

நான்காம் கேள்வி: படுக்கையில் சேர்ந்தீர்களா? 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி ஜன ஆரோக்கிய யோஜனா, குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பளிக்கிறது. 2025 ஏப்ரலில் தில்லியும் அதில் இணைந்தது. ஆனால் அது அடிப்படையில் உள்நோயாளிச் சிகிச்சைக்கான காப்பீடு. முதல் வகை நீரிழிவு வீட்டில், பள்ளியில், உறக்கத்தில் வாழும் நோய். சர்க்கரை கட்டுக்கடங்காமல் இரத்தம் அமிலமாகி, குழந்தை தீவிரச் சிகிச்சைப் பிரிவில் சேர்ந்தால் காப்பீடு அக்குழந்தையைக் காணும். அந்த நிலை வராமல் காக்கும் அன்றாடச் செலவு அதன் கண்ணுக்குப் புலப்படாது.

ஆக, நான்கு வாயில்கள். நான்கும் வேலை, பட்டியல், வருமானம், படுக்கை என்பவற்றைக் கேட்கின்றன. "எத்தனை முறை தாழ்சர்க்கரையில் நினைவிழந்தாய்? எச்பிஏ1சி எவ்வளவு? ஊசி முறையை எவ்வளவு காலம் முயன்றாய்?" என்ற மருத்துவக் கேள்விகளை எந்த வாயிலும் முதற்கேள்வியாகக் கேட்பதில்லை. இங்கிலாந்தின் விதிகளைக் கடுமையானவை என்று விமர்சிக்கலாம்; ஆனால் அவை நோயைப் பற்றிக் கேட்டன.

விதி பொருந்தாத இடத்தில் மக்கள் நீதிமன்றத்தை நாடுகின்றனர். இரண்டு தீர்ப்புகள் இங்கே பொருத்தமானவை. இரண்டும் பம்பைப் பற்றியவை அல்ல எனினும் அடிப்படைக் கேள்வி ஒன்றே. 2014 ஏப்ரல் 17 அன்று தில்லி உயர் நீதிமன்றம், கௌஷே என்னும் அரிய நோயுற்ற ஓர் ஏழைக் குழந்தைக்கு எய்ம்ஸில் நொதிச் சிகிச்சையை இலவசமாக வழங்குமாறு தில்லி அரசுக்கு ஆணையிட்டது. வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து தேவைப்படும், விலை மிகுந்த மருந்து அது. 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சிவகாந்த ஜா வழக்கில் அளித்த தீர்ப்பு சி.ஜி.எச்.எஸ். தொடர்பானது. இதயத்தில் பொருத்தப்பட்ட ஒரு கருவிக்கான செலவை முழுமையாகத் திருப்பித் தர மறுக்கப்பட்ட ஓய்வூதியரின் வழக்கு அது. மருத்துவமனையின் பெயர் பட்டியலில் இல்லை என்ற காரணத்தால் மட்டும் உரிமையை மறுக்க இயலாது என்றும், சிகிச்சை உண்மையில் நடந்ததா, மருத்துவர் சான்றளித்துள்ளாரா என்பதே உரைகல் என்றும் நீதிமன்றம் கூறியது. இரண்டும் மதிக்கத்தக்க தீர்ப்புகள். எனினும் வழக்கு ஒருவருடையது. தீர்வும் முதலில் அவருடையதே. வழக்கறிஞரைத் தேடிச் செல்ல இயலாத குடும்பத்திற்கு நீதிமன்றமும் ஐந்தாவது வாயில்தான்.

நோயின் பெயரைச் சொல்லியே விதி எழுத முடியும் என்பதற்குச் சான்று தில்லியிலேயே உள்ளது, மருத்துவமனைக்கு வெளியே. 2017இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், முதல் வகை நீரிழிவு உள்ள மாணவர்கள் பொதுத்தேர்வு அறைக்குள் மிட்டாய், பழம், சிற்றுண்டி, தண்ணீர் கொண்டுவர அனுமதித்தது. 2023 ஜூலையில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், வகுப்பறையில் சர்க்கரை பார்க்கவும் இன்சுலின் போடவும் இடமளிக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது. தேர்வு அறையின் வாயில் இந்நோயைப் பெயர்சொல்லி அறிந்துகொண்டது. மருந்தகத்தின் வாயில் இன்னும் அறியவில்லை.

கேரளம் மருந்தகத்திலும் இதைச் செய்தது. கேரளச் சமூகப் பாதுகாப்பு மிஷன் 2018இல் தொடங்கிய "மிட்டாயி" திட்டம், முதல் வகை நீரிழிவுக் குழந்தைகளுக்கென்றே உருவானது. இன்சுலின் பேனா, பரிசோதனைக் கருவி, பட்டைகள், கல்வி, ஆலோசனை ஆகியவற்றுடன், பொருத்தமான குழந்தைகளுக்குத் தொடர் கண்காணிப்புக் கருவியும் பம்பும் அதன் வரம்புக்குள் வந்தன. வயது, வருமான வரம்புகளுடன் தொடங்கிய திட்டம்தான். 18ஆம் பிறந்தநாளில் நோய் விடைபெற்றுப் போவதில்லை என்ற விமர்சனம் அதற்கும் பொருந்தும். ஆயினும் அதன் முதற்கேள்வி நோயைப் பற்றியது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். இன்சுலினும் பரிசோதனைப் பட்டையும்கூட எல்லோருக்கும் உறுதியாகாத நாட்டில், சில லட்சம் ரூபாய் விலையுள்ள பம்பைப் பற்றிப் பேசுவது ஆடம்பரமாகாதா? முன்னுரிமை வரிசையில் இன்சுலினும் பட்டையும் முதலில் வர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பட்டை ஏன் கிடைப்பதில்லை என்று ஆராய்ந்தால், பம்பு கிடைக்காததற்கான அதே காரணத்தில்தான் போய் நிற்போம்: வீட்டில், அன்றாடம், முடிவின்றித் தொடரும் தேவையைக் காணும் கண் நம் திட்டங்களுக்கு அமையவில்லை. பம்புக்கான தகுதி விதியை எழுத உட்கார்ந்தால், "பல ஊசி முறையை முறையாக முயன்றிருக்க வேண்டும்" என்று எழுத வேண்டிவரும். அதை எழுதும் அரசு, அம்முயற்சிக்கான ஊசியையும் பட்டையையும் முதலில் தந்தாக வேண்டும். மேல்படிக்கான விதி கீழ்ப்படியையும் கட்டாயமாக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2022 ஜூனில் முதல் வகை நீரிழிவுக்கெனத் தனி வழிகாட்டலை வெளியிட்டுள்ளது. மருத்துவ அறிவு எழுத்தில் இருக்கிறது. அதனை உரிமையாக மொழிபெயர்க்கும் நிருவாக ஆவணமே எஞ்சியுள்ள பணி.

அத்தகைய ஆவணத்தில் குறைந்தது நான்கு கூறுகள் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அளவுகோல் நோயைப் பற்றியதாக இருக்க வேண்டும். கருவியோடு அதன் மாதாந்தரப் பொருட்களும் பயிற்சியும் சேர்ந்தே அனுமதிக்கப்பட வேண்டும். மறுத்தால் காரணம் எழுத்தில் தரப்பட்டு மேல்முறையீட்டுக்கு வழி இருக்க வேண்டும். வயதோ ஊதியமோ மாறும்போது ஒரு திட்டத்திலிருந்து மற்றொன்றுக்குச் சிகிச்சை அறுபடாமல் கைமாற வேண்டும்.

இறுதியாகத் "தகுதி" என்ற சொல்லைப் பற்றி. இன்று அரசு விண்ணப்பங்களில் அது கேட்பவரின் மேல் சுமத்தப்பட்ட சொல். வருமானச் சான்று, வசிப்பிடச் சான்று, மருத்துவச் சான்று ஆகியவற்றால் மனுதாரர் மெய்ப்பிக்க வேண்டிய ஒன்று. திருக்குறளில் நடுவு நிலைமை அதிகாரத்தின் முதற்குறளிலும் இச்சொல் வருகிறது. அங்கே பரிமேலழகர் அதற்கு நடுவுநிலைமை என்றே பொருள் காண்கிறார். அதாவது, தகுதி என்பது அளக்கப்படுபவரின் உடைமையாக அன்றி, அளப்பவரிடம் இருக்க வேண்டிய அறமாக நின்ற சொல். பல நூற்றாண்டுகளில் அதன் சுமை தராசைப் பிடித்தவரிடமிருந்து தட்டில் நிற்பவருக்கு மாறிவிட்டது.

இன்சுலின் பம்புக்கு ஒரு குழந்தை தகுதி பெறுகிறதா என்று கேட்பதில் தவறில்லை. வரம்புள்ள நிதியில் அக்கேள்வி தவிர்க்க முடியாதது. அதைக் கேட்கும் திட்டத்திற்கு அதற்குரிய தகுதி இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அளவுகோல் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதப்பட்டிருக்கிறதா, அது நோயை அளக்கிறதா, மறுப்புக்குக் காரணம் சொல்கிறதா என்பவையே அதற்கான தேர்வு. தில்லியின் திட்டங்கள் இன்னும் அத்தேர்வை எழுதவில்லை.

பிற மாநிலத் திட்டங்களின் தகுதி விதிகளை ஆராய்ந்த நண்பர்கள் விவரங்களைப் பகிர்ந்தால் ஒப்பாய்வை விரிவாக்க உதவியாக இருக்கும்.